ஃப்ரூட் சாலட்: கருக்காமல், நீர் விடாமல், புளிக்காமல் வைத்திருக்க

பழத்தை நறுக்கிக் கலக்கினால் ஃப்ரூட் சாலட். சாப்பிடும் நேரத்தில் நறுக்கி, உடனே கிண்ணத்தைக் காலி செய்துவிடுகிறவர்களுக்கு இதற்கு மேல் ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. முன்கூட்டியே செய்து வைக்கும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. காலையில் பளிச்சென்று இருந்த கலவையில் மாலைக்குள் ஆப்பிள் பழுப்பேறிவிடுகிறது, வாழைப்பழம் குழைந்துவிடுகிறது, பாத்திரத்தின் அடியில் சாறு தேங்கி நிற்கிறது. காசு கொடுத்து வாங்கி, நேரம் செலவிட்டு நறுக்கிய பழத்தைக் கொட்டுவது மனத்துக்குக் கஷ்டமான காரியம். அந்தக் கஷ்டம் புதிதாகச் செய்கிறவர்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒவ்வொரு பழமாகத் தனித்தனியே நறுக்கி வைத்துப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: ஒவ்வொரு பழத்துக்கும் ஒரு கெடு இருக்கிறது. வாழைப்பழத்துக்குச் சில மணி நேரம். மாதுளைக்கு நான்கைந்து நாள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வெட்டி ஒரே பாத்திரத்தில் கொட்டினால், முதலில் கெடுகிற பழத்தின் கெடுவே மொத்தக் கிண்ணத்தின் கெடுவாகிவிடும். ஆகவே நறுக்குவதை முன்னதாகச் செய்யலாம், கலப்பதை மட்டும் கடைசிவரை தள்ளிப்போடுங்கள். கீழே வரும் எல்லாப் படிகளும் இதை ஒட்டியவைதான்.

1. பரிமாறும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

பழம் வாங்குவதற்கு முன்பே, எப்போது சாப்பிடப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். இரவு விருந்துக்கு என்றால் என் திட்டம் இப்படி இருக்கும். அன்று காலையில் அன்னாசி, முலாம்பழம், ஆரஞ்சுச் சுளை, மாதுளை ஆகியவற்றை நறுக்கி, உரித்துத் தனித்தனி டப்பாக்களில் ஃபிரிட்ஜில் வைப்பேன். மாலையில் மாம்பழம், பப்பாளி, ஆப்பிள். பரிமாறுவதற்குச் சில நிமிடங்களுக்கு முன்பு வாழைப்பழம். கலப்பது அதற்கும் பிறகு.

பத்துப் பேருக்கான பழத்தைக் கழுவி, தோல் சீவி, நறுக்கி முடிக்க ஒருவருக்குத் தாராளமாக ஒரு மணி நேரம் ஆகும். அதைக் கடைசி ஒரு மணி நேரத்தில் வைத்துக்கொண்டால் அவசரத்தில் பழம் நசுங்கும், கையும் வெட்டுப்படும். பிரித்துச் செய்தால் கடைசி வேலை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

2. பழத் தேர்வு, அளவு, செலவு

உணவுக்குப் பிறகு பரிமாறுவதற்கு ஒருவருக்கு நறுக்கிய பழம் 150 முதல் 200 கிராம் வரை போதும். பத்துப் பேருக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ. இது நறுக்கிய பிறகு உள்ள எடை என்பதைக் கவனியுங்கள். கடையில் நிறுத்து வாங்கும் எடை வேறு, கிண்ணத்துக்கு வரும் எடை வேறு. அன்னாசியில் தோல், கண், நடுத்தண்டு, மேல்கொண்டை எல்லாம் போக ஏறத்தாழப் பாதிதான் தேறும். வாழைப்பழத்தில் மூன்றில் ஒரு பங்கு தோல். திராட்சையிலோ காம்பைத் தவிர வீண் எதுவும் இல்லை. எனவே, கிலோ விலையைப் பார்த்து எது மலிவு என்று முடிவு செய்யாதீர்கள். தேறும் சதைக்கு என்ன விலை விழுகிறது என்று பாருங்கள். மலிவாகத் தோன்றிய அன்னாசி திராட்சைக்கு அருகில் வந்துவிடுவது அப்போதுதான் தெரியும்.

செலவைக் கட்டுக்குள் வைக்க இன்னொரு வழி உண்டு. கலவையில் பாதி அளவுக்குப் பருவத்தில் மலிவாகக் கிடைக்கும் ஒரே ஒரு பழத்தை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். மீதிப் பாதியில் இரண்டு மூன்று வகைகள் போதும். எட்டு வகைப் பழம் போட்டால்தான் சாலட் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. வகை கூடக் கூடச் சுவை தெளிவு இழக்கிறது. கெடும் வாய்ப்பும் கூடுகிறது. நான்கு வகைகளைத் தாண்டாமல் இருப்பதே நல்லது என்பது என் அழுத்தமான கருத்து. ஒன்று இனிப்பு, ஒன்று புளிப்பு, ஒன்று மொறுமொறுப்பு, ஒன்று நிறத்துக்கு.

கனிந்திருக்கும் பதம் மிக முக்கியம். சாப்பிட உச்சத்தில் இருக்கும் பழத்தைவிட, சற்று இறுக்கமாக இருக்கும் பழமே சாலட்டுக்கு ஏற்றது. விரலால் அழுத்தினால் பள்ளம் விழும் மாம்பழமும் பப்பாளியும் நறுக்கும்போதே கூழாகிவிடும். மாம்பழம், வாழை, பப்பாளி, கொய்யா, பேரிக்காய், கிவி ஆகியவை பறித்த பிறகும் பழுக்கும். இரண்டு நாள் முன்னதாகவே வாங்கி வெளியே வைத்துப் பதம் பார்க்கலாம். திராட்சை, ஆரஞ்சு, அன்னாசி, ஸ்ட்ராபெர்ரி, மாதுளை, தர்பூசணி அப்படியல்ல. புளிப்பாக வாங்கினால் வீட்டில் எத்தனை நாள் வைத்தாலும் இனிப்பு ஏறாது. இவற்றை நன்றாகப் பழுத்ததாகப் பார்த்தே வாங்குங்கள். திராட்சையில் ஒன்றைச் சுவைத்துப் பார்க்கக் கேட்பதில் தவறில்லை.

3. கழுவுவது தோலோடு, வெட்டுவதற்கு முன்பு

தோலை எறிந்துவிடத்தானே போகிறோம் என்று பலர் முலாம்பழத்தையும் தர்பூசணியையும் கழுவாமலே வெட்டுகிறார்கள். இது ஆபத்தான பழக்கம். தோலின்மேல் ஒட்டியிருக்கும் கிருமியைக் கத்தி நேராகச் சதைக்குள் இழுத்துச் செல்லும். வலைப்பின்னல் போன்ற தோல் உள்ள முலாம்பழம் இதில் முதலிடம். அந்தச் சொரசொரப்பில் மண்ணும் கிருமியும் எளிதில் ஒளிந்துகொள்ளும். அதன் சதையில் புளிப்பு மிகக் குறைவு என்பதால் கிருமி பெருகவும் வசதி. சுத்தமான பிரஷ்ஷால் ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, துடைத்து, பிறகு வெட்டுங்கள். சோப்பு வேண்டாம். பழம் அதை உறிஞ்சிக்கொள்ளக்கூடும்.

ஸ்ட்ராபெர்ரியைக் காம்போடு கழுவிய பிறகே காம்பைக் கிள்ளுங்கள். முதலில் கிள்ளினால் அந்தத் துளை வழியே தண்ணீர் உள்ளே போய் சுவை நீர்த்துவிடும். திராட்சையும் அப்படித்தான், கொத்தாகவே ஃபிரிட்ஜில் வைத்திருந்து, பயன்படுத்தும் நேரத்தில் கழுவுங்கள்.

கழுவியதை அப்படியே பாத்திரத்தில் போடக்கூடாது. வடிகட்டியில் போட்டு, துணியில் பரப்பி, ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். நாளை அடியில் தேங்கப் போகும் நீரில் ஒரு பகுதி இன்று குழாயிலிருந்து வந்ததுதான்.

4. கத்தியும் பலகையும்

மொண்ணைக் கத்தி பழத்தை வெட்டாது, நசுக்கும். நசுங்கிய இடத்தில் செல்கள் உடைந்து சாறு கசியும், கருப்பதும் விரைவாகும். தீட்டிய எவர்சில்வர் கத்தி போதும். துருவேறும் இரும்புக் கத்தி நிறம் மாறுவதை வேகப்படுத்தும், அதைத் தவிருங்கள். அதேபோல் பூச்சில்லாத செம்பு, பித்தளைப் பாத்திரங்களில் புளிப்புப் பழங்களை வைக்கக்கூடாது. கண்ணாடி, எவர்சில்வர் அல்லது உணவுக்கான பிளாஸ்டிக் டப்பா நல்லது. வெங்காயம் பூண்டு நறுக்கிய பலகையில் பழம் நறுக்கினால் மறுநாளும் வாசனை போகாது. இறைச்சி வெட்டிய பலகை என்றால், சுகாதாரத்துக்காகவே பழத்துக்கு வேறு பலகைதான்.

துண்டுகள் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்கட்டும். மிகச் சிறியதாக நறுக்காதீர்கள். வெட்டுப்பட்ட பரப்பு கூடும் அளவுக்குச் சாறு வடிவதும் கருப்பதும் கூடும். இரண்டு சென்டிமீட்டர் அளவு எனக்குச் சரியாக வருகிறது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் சாப்பிடுவார்கள் என்றால் இந்தக் கணக்கை விட்டுவிடுங்கள். அவர்களுக்குத் திராட்சையை முழுதாகக் கொடுக்கவே கூடாது. நீளவாக்கில் நான்காகப் பிளந்து கொடுங்கள். குறுக்கே வெட்டிய உருண்டைத் துண்டும் தொண்டையை அடைக்கக்கூடியது.

5. கருக்காமல் காப்பது

ஆப்பிள், பேரிக்காய், வாழை ஆகியவை அதிகம் கருப்பவை. வெட்டும்போது செல்கள் திறந்து, உள்ளே இருக்கும் ஒரு நொதி காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து பழத்தின் பீனால் பொருள்களைப் பழுப்பு நிறமாக்குகிறது. இது அழுகல் அல்ல. பழுப்பேறிய ஆப்பிளைச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. கண்ணுக்குத்தான் நன்றாக இராது. இதைத் தடுக்க மூன்று வழிகள் உண்டு: புளிப்பைக் கூட்டுவது, காற்றை விலக்குவது, குளிரவைப்பது. மூன்றையும் சேர்த்துச் செய்தால்தான் முழுப்பலன்.

எலுமிச்சை நீர்: ஒரு கப் குளிர்ந்த தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு. இதைத் தயாராக வைத்துக்கொண்ட பிறகே ஆப்பிளை வெட்டத் தொடங்குங்கள். ஒவ்வொரு துண்டும் வெட்டியவுடன் நீருக்குள் போக வேண்டும். எல்லாவற்றையும் வெட்டி முடித்துப் பிறகு நனைத்தால் முதல் துண்டு ஏற்கெனவே நிறம் மாறியிருக்கும். மாறிய நிறத்தை எலுமிச்சை முழுதாக மீட்டுத் தராது. மூன்று முதல் ஐந்து நிமிடம் ஊறினால் போதும். பிறகு நன்றாக வடித்துத் துடைக்க வேண்டும்.

உப்பு நீர்: ஒரு கப் தண்ணீருக்கு அரைத் தேக்கரண்டி உப்பு, பத்து நிமிடம். எடுத்தவுடன் நல்ல தண்ணீரில் அலசிவிட்டால் உப்புச் சுவை தெரியாது. எலுமிச்சையின் புளிப்பு பிடிக்காதவர்களுக்கு இதையே சொல்வேன்.

வைட்டமின் சி: சாதாரண 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றைப் பொடித்து அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து நனைக்கலாம். சுவையை மாற்றாமல் நிறத்தைக் காப்பதில் இது நன்றாக வேலை செய்கிறது. ஒரே எச்சரிக்கை: நிறமும் மணமும் சேர்த்த சப்பும் மாத்திரையை வாங்கிவிடாதீர்கள், ஆப்பிள் ஆரஞ்சு நிறமாகிவிடும்.

தண்ணீரில் ஊறவைப்பதே பிடிக்கவில்லையா? நறுக்கிய ஆப்பிளை அன்னாசித் துண்டுகளோடும் அதன் சாற்றோடும் புரட்டி வையுங்கள். அன்னாசிச் சாறே கருப்பதைக் குறைக்கும், சுவையும் சேரும். ஆரஞ்சுச் சாறும் உதவும், ஆனால் எலுமிச்சையளவு புளிப்பு அதில் இல்லாததால் பலன் குறைவு.

வாழைப்பழத்தை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஊறவைத்தால் வழவழத்துப்போகும். எலுமிச்சைச் சாற்றை மேலாகத் தடவினால் சிறிது நேரம் தாங்கும், அவ்வளவுதான். வாழைப்பழம் கடைசி நிமிடப் பழம். மறுநாளுக்கு எடுத்து வைக்கப் போகும் கலவையில் அதைச் சேர்க்கவே வேண்டாம்.

6. நீர் விடாமல் காப்பது

கருப்பதற்கு எல்லோரும் வழி சொல்கிறார்கள். நீர் விடுவதைப் பற்றி யாரும் சொல்வதில்லை, ஆனால் சாலட்டை உண்மையில் பாழாக்குவது அதுதான். கருத்த ஆப்பிளின் சுவை அவ்வளவாக மாறுவதில்லை; சாற்றில் மிதந்து ஊறிப்போன பழத்தில் மொறுமொறுப்பும் இல்லை, தனிச்சுவையும் இல்லை.

முதல் காரணம் சர்க்கரை. நறுக்கிய பழத்தின்மேல் சர்க்கரை தூவியவுடன் அது செல்களுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கத் தொடங்கும். அரை மணி நேரத்தில் அடியில் சாறு தெரியும். உப்பும் இதையே செய்யும். தேனும் அப்படித்தான், அது ஏதோ இயற்கையானது என்பதால் விதிவிலக்கு இல்லை. இனிப்பு வேண்டுமென்றால் பரிமாறும் நேரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள், அல்லது தனிக் கிண்ணத்தில் வைத்து அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள். நன்றாகப் பழுத்த பழத்துக்குச் சர்க்கரையே தேவையில்லை என்பேன்.

இரண்டாவது காரணம் தர்பூசணி. அதில் 90 சதவீதத்துக்கும் மேல் தண்ணீர்தான். நறுக்கி வைத்த சில மணி நேரத்தில் அது மற்றப் பழங்களையெல்லாம் நனைத்துவிடும். தர்பூசணியைத் தனி டப்பாவில், அடியில் ஒரு சிறிய தட்டு அல்லது சல்லடை வைத்து, சாறு கீழே வடியும்படி வையுங்கள். பரிமாறும்போது துண்டுகளை மட்டும் எடுத்துச் சேருங்கள். வடிந்த சாற்றைக் குடித்துவிடலாம்.

மூன்றாவது, கிளறுவது. கரண்டியால் சுற்றிச் சுற்றிக் கிளறினால் மென்மையான துண்டுகள் உடையும். கனமான பழங்களை முதலில் போட்டு, மென்மையானவற்றை மேலே பரப்பி, அகன்ற கரண்டியால் அடியிலிருந்து மேலாக இரண்டு மூன்று முறை புரட்டினால் போதும்.

மாதுளை முத்தும் சிவப்பு ஸ்ட்ராபெர்ரியும் நீரைவிட நிறத்தை அதிகம் விடுகின்றன. வெள்ளை ஆப்பிளும் பேரிக்காயும் மறுநாள் இளஞ்சிவப்பாகி நிற்கும். கெடுதல் இல்லை, ஆனால் பார்க்கப் பழசுபோலத் தெரியும். இவற்றைக் கடைசியில் மேலே தூவுங்கள்.

7. பால், தயிர், க்ரீம், ஜெல்லி சேர்ப்பதானால்

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. பச்சை (அதாவது சூடுபடுத்தாத) அன்னாசி, கிவி, பப்பாளி ஆகியவற்றில் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் உள்ளன. பாலோ தயிரோ க்ரீமோ இவற்றோடு சேர்ந்து இருந்தால் சிறிது நேரத்தில் கசக்கத் தொடங்கும். பால் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், காரணம் பழம்தான். நன்கு பழுத்த பப்பாளியில் இந்தத் தன்மை குறைவு, ஆனாலும் நேரம் செல்லச் செல்லக் கசப்பு தெரியும்.

தீர்வு இரண்டு. அன்னாசியைச் சில நிமிடம் கொதிக்கவைத்து முழுதாக ஆறவிட்டுச் சேருங்கள். சூட்டில் அந்த நொதி செயலிழந்துவிடும். டின்னில் அடைத்த அன்னாசி ஏற்கெனவே சூடுபடுத்தப்பட்டது என்பதால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை. அல்லது பழம் தனி, பால் கலவை தனி என்று வைத்து, கிண்ணத்தில் ஊற்றும்போது மட்டும் சேருங்கள். எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது வழி. ஜெலட்டின் ஜெல்லியும் பச்சை அன்னாசி, கிவி, பப்பாளியோடு உறையாது, காரணம் அதுவேதான்.

பால் சேர்த்த கலவையை அன்றே முடித்துவிடுங்கள். பழத்தின் புளிப்பு பாலைத் திரியவைக்கும். ஆரஞ்சு, எலுமிச்சைச் சாறு சேர்ந்த சாலட்டில் பால் ஊற்றுவதைத் தவிருங்கள்.

8. ஃபிரிட்ஜில் வைக்கும் முறை

நறுக்கிய பழம் அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடத்தில் ஒரு மணி நேரம்தான். மேசையில் பரிமாறும் நேரமும் இந்தக் கணக்கில் சேரும் என்பதை மறந்துவிடாதீர்கள். விருந்து நீளும் என்றால் பாதியை ஃபிரிட்ஜிலேயே வைத்துக்கொண்டு, முதல் கிண்ணம் காலியான பிறகு அடுத்ததை எடுங்கள்.

ஃபிரிட்ஜ் 4 டிகிரி அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். கதவுத் தட்டில் வைக்காதீர்கள், திறக்கும்போதெல்லாம் சூடு ஏறும் இடம் அது. உள்தட்டில் பின்பக்கமாக வையுங்கள். ஆனால் பின்சுவரை ஒட்டினால் சில ஃபிரிட்ஜ்களில் பழம் உறைந்துவிடும்.

டப்பா இறுக மூடுவதாக இருக்கட்டும், பழத்தின் அளவுக்கு ஏற்றதாகவும் இருக்கட்டும். பெரிய டப்பாவில் கால்வாசிப் பழம் என்றால் மீதி முக்கால்வாசியும் காற்று. அடியில் ஒரு மடிப்பு டிஷ்யூ பேப்பர் வைத்தால் கசியும் ஈரத்தை உறிஞ்சும், நனைந்தால் மாற்றுங்கள். பெரிய கிண்ணத்திலேயே வைக்க வேண்டிய கட்டாயம் என்றால், மெல்லிய பிளாஸ்டிக் உறையைக் கிண்ணத்தின் வாய்க்கு மேலாக இழுத்துக் கட்டாமல், பழத்தைத் தொடும்படி அழுத்தி மூடுங்கள்.

முழுப் பழங்களைச் சேமிப்பதிலும் ஒரு கவனம் வேண்டும். ஆப்பிளும் வாழையும் எத்திலீன் வாயுவை வெளியிடும். அருகில் இருக்கும் கிவியும் மாம்பழமும் வேகமாகப் பழுக்கும். பழுக்கவைக்க வேண்டுமென்றால் அதுவே உதவி. நிறுத்திவைக்க வேண்டுமென்றால் பிரித்து வையுங்கள்.

9. எது எத்தனை நாள்

மூடிய டப்பாவில், 4 டிகிரியில், தனித்தனியாக வைத்தால் நான் எதிர்பார்க்கும் கெடு: மாதுளை முத்து நான்கைந்து நாள், அன்னாசி, ஆரஞ்சுச் சுளை, முலாம்பழம் மூன்று நாள், மாம்பழம், பப்பாளி, தர்பூசணி, எலுமிச்சை நீரில் நனைத்த ஆப்பிள் இரண்டு நாள், வெட்டிய ஸ்ட்ராபெர்ரி ஒரு நாள். கலந்துவிட்டால் மறுநாள் வரை சுவையாக இருக்கும். அதற்கு மேல் வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

டப்பாவின்மேல் நறுக்கிய தேதியை எழுதி ஒட்டுங்கள். சாராய வாடை, நுரை, கூழ்போன்ற வழவழப்பு, பூஞ்சைப் புள்ளி இவற்றில் ஒன்று தெரிந்தாலும் முழு டப்பாவையும் கொட்டிவிடுங்கள். கெட்ட துண்டை மட்டும் எடுத்துவிட்டு மீதியைச் சாப்பிடுவது கூடாது. கர்ப்பிணிகள், முதியவர்கள், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் இருக்கும் வீட்டில் அன்று வெட்டியதை மட்டும் கொடுங்கள். லிஸ்டீரியா என்ற கிருமி ஃபிரிட்ஜ் குளிரிலும் மெல்லப் பெருகக்கூடியது. அதன் இருப்பு வாசனையிலோ நிறத்திலோ தெரியாது.

10. மீந்துவிட்டால்

கெடு முடிவதற்கு முன்பே உறையவையுங்கள். சாறு வடித்து, துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் பரப்பி ஃப்ரீசரில் வைத்து, கெட்டியானதும் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றிக் கட்டிவிடுங்கள். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: உறைந்து இளகிய பழம் திரும்பச் சாலட்டுக்கு ஆகாது. உள்ளே உருவாகும் பனிப் படிகங்கள் செல்சுவர்களைக் கிழித்துவிடுவதால் தளர்ந்துபோய்விடும். உறைந்த நிலையிலேயே மிக்ஸியில் அடித்து ஸ்மூத்தி செய்யலாம், அல்லது வாணலியில் போட்டுச் சுண்டக் காய்ச்சி ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளலாம். வாழைப்பழத்தை உரித்து, துண்டாக்கி உறையவைத்து அடித்தால் க்ரீம் சேர்க்காமலே ஐஸ்க்ரீம் பதத்தில் வரும். வடித்துவைத்த சாற்றையும் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்தால் அடுத்த முறை ஆப்பிளைப் புரட்டுவதற்கு இரண்டு கட்டிகளை இளக்கி எடுத்துக்கொள்ளலாம்.